நூலக அடுக்குகளில் யாருக்கு இடம்?
பென்னலூரை முன்வைத்து ஒரு மதிப்பீடு

ஒரு நூலகத்தின் பெருமையை அங்குள்ள நூல்களின் எண்ணிக்கையைக் கொண்டு பேசுவது நமது வழக்கம். இத்தனை ஆயிரம் நூல்கள், இத்தனை இலட்சம் நூல்கள் என்று கூறிய அளவில் நமக்கு நிறைவு ஏற்பட்டுவிடுகிறது. அந்நூல்கள் யாரைப் பற்றியவை, யாரால் எழுதப்பட்டவை, எம்மொழிகளில் அமைந்தவை, அடுக்கில் எவ்விடத்தில் நிறுத்தப்பட்டுள்ளன என்னும் வினாக்கள் அரிதாகவே எழுகின்றன. நூலக அறிவியலார் அண்மைக் காலத்தில் இவ்வினாக்களை முறைப்படுத்தி, ஒரு சேகரிப்பு எந்த அளவுக்குப் பன்முகத் தன்மை உடையது, எவரையெல்லாம் உள்ளடக்கியது என்று மதிப்பிடும் வழிகளை வகுத்துள்ளனர். யுனெஸ்கோ நிறுவனம் 1949இல் வெளியிட்டு 1994இலும் 2022இலும் திருத்திய பொது நூலக அறிக்கை, வயது, இனம், சமயம், மொழி முதலிய வேறுபாடின்றி எல்லாருக்கும் நூலகச் சேவை கிடைக்க வேண்டும் என்பதை அடிப்படையாகக் கொண்டுள்ளது.

தமிழ் முஸ்லிம்களாகிய நாம் இப்பொருள் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் ஒரே வினாவோடு நின்றுவிடுகிறோம். 'பொது நூலகத்தில் நமது நூல்கள் எத்தனை உள்ளன?' என்பதே அவ்வினா. அது தேவையான வினா. ஆனால் போதுமான வினா அன்று. எண்ணிக்கைக்கு அப்பால் இடம், குரல், மொழி என்னும் மூன்றையும் ஆராய வேண்டும். அதன்பின் அதே உரைகல்லில் நமது அரபுக் கல்லூரி நூலகங்களையும் பள்ளிவாசல் நூலகங்களையும் உரசிப் பார்க்க வேண்டும். பிறரிடம் கேட்கும் நீதியை நாம் பிறருக்கு வழங்குகிறோமா என்பது அப்போதுதான் தெரியும்.

பென்னலூர் என்னும் உரைகல்

இம்மதிப்பீட்டிற்குச் சென்னை, மதுரை போன்ற பெருநகரங்களைத் தேர்ந்தெடுப்பது எளிது. 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா பொது நூலகமும், 2010இல் கோட்டூர்புரத்தில் எழுந்த அண்ணா நூற்றாண்டு நூலகமும், 2023இல் மதுரையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகமும் பரப்பில் பெரியவை. அங்கு எல்லாவற்றுக்கும் ஏதோ ஓர் இடம் இருக்கும். சிறிய ஊரில்தான் தேர்வின் தன்மை வெளிப்படுகிறது. ஐயாயிரம் நூல்களுக்கு மட்டுமே இடமுள்ள கிளை நூலகத்தில் எதை வைப்பது, எதை விடுவது என்னும் முடிவே அச்சமூகத்தைப் பற்றிய நமது கருத்தைக் காட்டிவிடும். ஆகவே பென்னலூரை எடுத்துக்கொள்வோம்.

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், இருங்காட்டுக்கோட்டைக்கும் திருப்பெரும்புதூருக்கும் இடையே அமைந்த ஊர் பென்னலூர். அருகிலுள்ள திருப்பெரும்புதூர் இராமானுசர் பிறந்த தலம். 1991 மே 21 அன்று முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி கொலையுண்டதும் அவ்வூரில்தான். ஏரிப் பாசனமும் நெல் வயலுமாக இருந்த இப்பகுதியின் முகம் 1990களின் பிற்பகுதியில் மாறத் தொடங்கியது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. தொடர்ந்து திருப்பெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் என்று தொழிற்பூங்காக்கள் விரிந்தன. வல்லம் வடகாலில் 18,720 பணியாளர் தங்கத்தக்க விடுதி வளாகம் 2024இல் திறக்கப்பட்டது என்பதொன்றே இங்குத் திரண்டுள்ள மக்கள்தொகையின் அளவை உணர்த்தும். தென் மாவட்டங்களிலிருந்தும் வட மாவட்டங்களிலிருந்தும் வந்த இளம்பெண்கள், பீகார், ஒடிசா, மேற்கு வங்காளம், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர், தலைமுறை தலைமுறையாக இங்கேயே வாழும் உழவர், தாழ்த்தப்பட்ட மக்கள், இருளர், பொறியியற் கல்லூரி மாணவர் என்று ஒரே சாலையோரத்தில் பல உலகங்கள் அடுத்தடுத்து இயங்குகின்றன.

இத்தகைய ஊரின் நூலகம் எவ்வாறு இருக்க வேண்டும்? 'வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல்' என்னும் கருத்தை 1931இல் நூலக அறிவியலின் அடிப்படை விதிகளுள் ஒன்றாக வைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன். அவ்விதியை இங்குப் பொருத்தினால், ஒரகடத்தில் இரவுப் பணி முடித்துவரும் ஒடியா இளைஞனுக்கு அவன் மொழியில் ஒரு நூலேனும் உண்டா என்று கேட்க வேண்டும். விடுதியில் தங்கியுள்ள பெண் தொழிலாளிக்கு அவள் வாழ்வைப் பேசும் புதினம் உண்டா? இருளர் மாணவனுக்குத் தன் மக்களைப் பற்றிய, தன் மக்களே எழுதிய ஏதேனும் உண்டா? இவ்வரிசையில் முஸ்லிம் வாசகரும் ஒருவர்; முதலாமவரும் அல்லர், கடைசியானவரும் அல்லர்.

இது சலுகை பற்றிய பேச்சன்று; உரிமை பற்றியது. விடுதலைக்குப் பின் இந்தியாவில் இயற்றப்பட்ட முதற் பொது நூலகச் சட்டம் 1948ஆம் ஆண்டின் சென்னைச் சட்டமே. அதன் உருவாக்கத்தில் அரங்கநாதனுக்குப் பெரும்பங்கு உண்டு. அச்சட்டத்தின் வழி, சொத்து வரியோடு சேர்த்து ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாகப் பெறப்படுகிறது. வீட்டு உரிமையாளர் நேராகச் செலுத்துகிறார். அவருக்கு வாடகை தரும் பீகார்த் தொழிலாளியும் மறைமுகமாக அதில் பங்கு கொள்கிறார். தமிழ்நாட்டின் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இவ்வாறு எல்லாருடைய பணத்தாலும் நடைபெறுகின்றன. எல்லாரும் கட்டிய வீட்டில் சிலருக்கு மட்டும் அறை இருப்பது முறையாகுமா?

எண்ணும் எழுத்தும்

இனி இடம் பற்றிய வினாவுக்கு வருவோம். நமது பொது நூலகங்களில் பரவலாகக் கைக்கொள்ளப்படும் பகுப்புமுறை, அமெரிக்கரான மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்புமுறை. அதில் 200 முதல் 299 வரையான எண்கள் சமயத்துக்கு உரியவை. 220 முதல் 280களின் இறுதி வரை விவிலியத்துக்கும் கிறித்தவத்துக்கும் ஒதுக்கப்பட்டன. ஏனைய சமயங்கள் அனைத்தும் 290களுக்குள் அடங்கவேண்டியதாயிற்று. இஸ்லாத்துக்குக் கிடைத்தது 297 என்னும் ஒரே எண். ஆயிரத்து நானூறு ஆண்டுக் காலத் தஃப்சீர், ஹதீஸ், ஃபிக்ஹு, கலாம், தஸவ்வுஃப் ஆகிய கலைகள் யாவும் அவ்வெண்ணின் புள்ளிகளுக்குப் பின்னால் நீளும் உட்பிரிவுகளாயின. இது நமக்கு மட்டும் நேர்ந்த குறை அன்று. சைவமும் வைணவமும் சேர்ந்து 294.5 என்னும் எண்ணுக்குள் அமர்ந்துள்ளன, பௌத்தத்துக்கு 294.3. திருப்பெரும்புதூரில் பிறந்த இராமானுசரின் தத்துவத்துக்கும் அதே நெருக்கடிதான்.

இம்முறையைப் பராமரிப்போரும் இக்குறையை உணர்ந்துள்ளனர். 2012இல் சமயங்களை வேறு ஒழுங்கில் அமைத்துக்கொள்ளும் மாற்று வழியொன்றை வெளியிட்டனர். ஆனால் அதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முன்பே, சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த அரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறையில் சமயங்களுக்கு ஓரெழுத்தும் ஒவ்வொரு பெருஞ்சமயத்துக்கும் ஓரிலக்கமும் தந்து, அவற்றைச் சம நிலையில் நிறுத்தியிருந்தார். அதில் கிறித்தவத்துக்கு ஆறும் இஸ்லாத்துக்கு ஏழும் உரியவை. தமிழ் மண்ணில் பிறந்த முறை நீதியாக இருந்தும் நமது கிளை நூலகங்கள் அயல்முறையையே பழகிக்கொண்டன. இதில் குறை கூறத்தக்க தனியொருவர் இல்லை. வழக்கத்தின் வலிமை அத்தகையது.

எண்ணை மாற்றுவது எளிதன்று. அது இன்று முதன்மையானதும் அன்று. அவ்வெண் அடுக்கில் என்ன செய்கிறது என்பதே நமது கவலை. உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை எடுத்துக்கொள்வோம். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என மூன்று காண்டங்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களால் ஆனது அப்பெருங்காப்பியம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாறு என்பதால் அதனை 297.63 என்னும் எண்ணில் வைக்கலாம். தமிழ்க் காப்பியம் என்பதால் 894.811 என்னும் தமிழிலக்கிய எண்ணிலும் வைக்கலாம். பகுப்பாளர் எதனைத் தேர்ந்தெடுக்கிறார்? அதே பகுப்பாளர் கம்பராமாயணத்தை இலக்கியத்தில் வைத்துச் சீறாப்புராணத்தைச் சமயத்தில் வைப்பாராயின், ஒன்று தமிழருக்குரியது, மற்றொன்று ஒரு பிரிவினருக்குரியது என்னும் தீர்ப்பைச் சொல்லாமலே சொல்லிவிடுகிறார். வீரமாமுனிவரின் தேம்பாவணிக்கும் இதே வினா பொருந்தும். பௌத்தத்தைப் பரப்பும் நோக்கத்தை மறைக்காத மணிமேகலையும் சமணம் பேசும் சீவக சிந்தாமணியும் ஐயமின்றி இலக்கிய அடுக்கில் நிற்கின்றன, அது சரியே. அந்நெறியை எல்லாருக்கும் ஒன்றுபோல் கடைப்பிடிக்க வேண்டும் என்பதே நாம் கேட்பது.

இது நூலகருக்கு மட்டும் உரிய நுணுக்கம் என்று ஒதுக்கிவிட இயலாது. தமிழிலக்கியம் பயில விரும்பும் பிற சமய மாணவன் ஒருவன் இலக்கிய அடுக்கில் நின்றுகொண்டு கை நீட்டும்போது எந்நூல் அவன் கைக்குக் கிட்டும் என்பது இவ்வெண்ணால் முடிவாகிறது. 1572இல் இயற்றப்பட்ட ஆயிரம் மசலா தொடங்கி நானூற்றைம்பது ஆண்டுக் கால மரபு நமக்கு உண்டு. அம்மரபை அம்மாணவன் தன் வாழ்நாளில் ஒருமுறையும் காணாமல் பட்டம் பெற்றுவிடக் கூடும். அவனிடம் நம்மீது பகை இராது. நாம் இருந்ததே அவனுக்குத் தெரிந்திராது.

யாருடைய குரல்?

297 என்னும் எண்ணில் நூறு நூல்கள் உள்ள ஒரு நூலகத்தை உதாரணத்துக்குக் கற்பனை செய்வோம். எண்ணிக்கையளவில் அது நிறைவாகவே தோன்றும். ஆனால் அந்நூற்றில் எண்பது, அமைப்புகள் இலவசமாக வழங்கிய சிறு வெளியீடுகளாகவும் துஆத் தொகுப்புகளாகவும் ஒரே நூலின் பல பதிப்புகளாகவும் இருந்தால்? எஞ்சிய இருபதும் பிறர் நம்மைப் பற்றி எழுதியவையாக இருந்தால்? நன்கொடையால் நிரம்பும் அடுக்கு, கொடுப்போரின் ஆர்வத்தைக் காட்டுமேயன்றிச் சமுதாயத்தின் வாழ்வைக் காட்டாது. அவ்வடுக்கிலிருந்து ஒரு வாசகர் தமிழ் முஸ்லிமைப் பற்றி அறிந்துகொள்வது என்ன? அவர் தொழுகிறார், தர்க்கம் செய்கிறார் என்பது மட்டுமே. அவர் கடலுக்குப் போகிறார், தோல் பதனிடுகிறார், கவிதை எழுதுகிறார், காதலிக்கிறார், கடன்படுகிறார் என்பது அங்கு இல்லை.

ஆகவே மதிப்பிடுவோர் 297ஐ மட்டும் எண்ணாமல் புதினம், கவிதை, வரலாறு, வாழ்க்கை வரலாறு, பெண்ணியம், சிறுவர் இலக்கியம் ஆகிய அடுக்குகளிலும் தேட வேண்டும். தோப்பில் முகம்மது மீரானின் 'ஒரு கடலோரக் கிராமத்தின் கதை' இருக்கிறதா? சாகித்திய அகாதெமி விருது பெற்ற அவருடைய 'சாய்வு நாற்காலி', அப்துல் ரகுமானின் 'ஆலாபனை' இருக்கின்றனவா? சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யை நம்முள் சிலர் விரும்பாதிருக்கலாம். நமது வீடுகளின் உட்புறத்தை ஒரு பெண் எழுதிய அந்நூல் இல்லாத சேகரிப்பு முழுமையுடையதாகாது. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938இல் வெளியிட்ட 'காதலா? கடமையா?' என்னும் நாவலுக்கு முன்னுரை அளித்தவர் உ.வே. சாமிநாதையர். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த காலத்தில், சமண நூலின் நுட்பங்களைக் கும்பகோணத்துச் சமணர்களிடமே கேட்டறிந்தவர் அவர். ஒரு நூலை அதற்குரிய மக்களிடம் கேட்டு அறிவது, ஒரு முஸ்லிம் பெண்ணின் முதல் நாவலை மனமுவந்து வரவேற்பது ஆகிய இரண்டும் ஒரே பண்பின் வெளிப்பாடுகள். சேகரிப்பை மதிப்பிடுவோருக்கு அப்பண்பே முதற்தகுதி.

வட்டார வரலாற்று அடுக்கும் இங்குக் கவனிக்கத்தக்கது. காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள புள்ளலூரில் 1780 செப்டம்பரில் கர்னல் பெய்லியின் படையை ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் படைகள் தோற்கடித்தன. ஆங்கிலேயர் இந்தியாவில் அதுவரை கண்டிராத தோல்வி அது. அப்போர் பற்றி ஆங்கிலேய அதிகாரிகளின் நினைவுக் குறிப்புகள் ஏராளம். மறுபுறத்திலிருந்து மீர் ஹுசைன் அலீ கிர்மானி பாரசீகத்தில் எழுதிய 'நிஷானே ஹைதரி'யும் உண்டு. அது 19ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டது. இப்பகுதி நூலகம் ஒன்று இரண்டையும் அருகருகே வைக்குமாயின் வாசகர் தாமே எடைபோட்டுக்கொள்வார். ஒன்றை மட்டும் வைத்தால் நூலகமே அவருக்காக எடைபோட்டுவிடுகிறது.

இரு மொழிகளுக்கு இடையே விழுந்தவை

எந்தக் கணக்கெடுப்பிலும் எளிதில் நழுவிவிடும் ஒரு வகை உண்டு. அது அரபுத் தமிழ். தமிழின் சிறப்பொலிகளைக் குறிக்க அரபு எழுத்துகளில் சில குறிகளைச் சேர்த்து உருவாக்கிய அவ்வெழுத்துமுறையில் மார்க்கச் சட்டம், மருத்துவம், மாலை, முனாஜாத்து, கதை எனப் பல துறை நூல்கள் எழுந்தன. கீழக்கரை இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்களின் நூல்கள் இவ்வகையில் தலைசிறந்தவை. பள்ளிக்கூடம் காணாத நம் முன்னோர் பெண்கள் பலர் படித்தது இவ்வெழுத்தில்தான்.

இத்தகைய நூல் ஒரு நூலகத்துக்கு வந்து சேர்ந்தால் என்ன ஆகும்? தமிழ் மட்டும் அறிந்த பகுப்பாளர் எழுத்தைக் கண்டு அரபு என்று கருதி ஒதுக்குவார். அரபு மட்டும் அறிந்தவர் எழுத்தைப் படித்துப் பார்த்துப் பொருள் விளங்காமல் கைவிடுவார். தமிழ் நூல் பட்டியலிலும் சேராமல் அரபு நூல் பட்டியலிலும் சேராமல் அது கட்டாகக் கிடக்கும். சேகரிப்பில் அந்நூல் உண்டு. ஆனால் வாசகருக்கு இல்லை. நூல் இருப்பதும் நூல் கிடைப்பதும் வேறு வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை. இரு மொழியும் அறிந்த ஆலிம்கள் நூலகங்களுக்குச் சென்று பட்டியலிட உதவினாலன்றி இக்குறை நீங்காது. இது அரசு தனித்துச் செய்யக்கூடிய பணி அன்று, கடமை நம்முடையது.

சட்டம் உள்ள இடத்திலும் இடைவெளி உண்டு. 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியும் கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குச் சென்று சேர வேண்டும். அனுப்ப வேண்டியவர் பதிப்பாளர். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாகூரிலும் திருமண நினைவாகவும் கந்தூரி வெளியீடாகவும் அச்சாகும் சிறு நூல்கள் அனுப்பினாலன்றி அங்குப் போய்ச் சேரா. கோட்டையூர் ரோஜா முத்தையா, பிறர் குப்பையெனக் கருதிய குஜிலி நூல்களையும் நாடக விளம்பரங்களையும் தம் செலவில் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அச்சேகரிப்பைப் பெற்றுச் சென்னையிலேயே நிலைபெறச் செய்தது. இன்று தமிழ் அச்சு வரலாற்றை எழுதுவோர் அவரிடமே கடன்பட்டுள்ளனர். எது காக்கத்தக்கது என்பதை ஒரு தலைமுறையின் மதிப்பீடு மட்டும் தீர்மானித்தால் எவ்வளவு இழந்திருப்போம் என்பதை அது உணர்த்துகிறது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது அழிந்தவை ஏறத்தாழ 97,000 நூல்கள். கட்டடம் மீண்டும் எழுந்தது; கடைகளில் கிடைக்கும் நூல்கள் மீண்டும் வந்தன. ஒற்றைப் படியாக இருந்த ஏடுகள் திரும்பவில்லை. நமது அரபுத் தமிழ் நூல்களும் பெரும்பாலும் அத்தகைய ஒற்றைப் படிகளே. அவற்றை அழிக்கத் தீ தேவையில்லை, கறையானே போதும்.

கேட்பார் இல்லை என்னும் வாதம்

பன்முகச் சேகரிப்புக்கு எதிராகக் கூறப்படும் வாதங்களுள் வலிமையானது இது: 'இந்நூல்களைக் கேட்பார் இல்லை, இரவல் பதிவேட்டைப் பாருங்கள்'. பதிவேடு பொய் சொல்வதில்லை. ஆனால் அது வந்தவரின் கணக்கை மட்டுமே சொல்லும். வாராதவரின் கணக்கைச் சொல்லாது. ஒடியா நூல் இல்லாத நூலகத்துக்கு ஒடியா வாசகர் வரமாட்டார். வராததால் ஒடியா நூல் வாங்கப்படாது. பகற்பொழுதில் மட்டும் திறந்திருக்கும் நூலகத்துக்குப் பகற்பணித் தொழிலாளி வரமாட்டார். ஆகவே தொழிலாளருக்கு வாசிப்பில் நாட்டமில்லை என்று எழுதப்படும். காரணமும் விளைவும் ஒன்றையொன்று துரத்தும் இச்சுழலை உடைக்க, முதலில் நூலை வைத்துவிட்டுப் பின்னர் வாசகரை அழைக்க வேண்டும்.

மற்றொரு வாதம் பணமும் இடமும் பற்றியது, அது நேர்மையானது. ஒரு கிளை நூலகம் எல்லா மொழி நூல்களையும் வாங்க இயலாது. ஆனால் மாவட்ட மைய நூலகம் ஐந்நூறு இந்தி, ஒடியா, வங்காள, அசாமிய, உருது நூல்களை வாங்கித் தொழிற்பகுதிக் கிளைகளுக்குள் சுற்றிவரச் செய்யலாம். எல்லாருக்கும் சம எண்ணிக்கை என்பது நோக்கமன்று. எவரும் வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்பதே நோக்கம்.

நமது அடுக்குகள்

இதுவரை பிறரை நோக்கி நீட்டிய அளவுகோலை இனி நம்மை நோக்கித் திருப்புவோம். ஹிஜ்ரி 377இல், அதாவது கி.பி. 987-88இல், பக்தாதில் புத்தக வணிகராக இருந்த இப்னு அந்நதீம் 'அல்ஃபிஹ்ரிஸ்த்' என்னும் நூற்பட்டியலை உருவாக்கினார். பத்து இயல்கள் கொண்ட அந்நூலின் முதல் இயல் பல்வேறு மக்களின் மொழிகளையும் எழுத்துகளையும், யூதர், கிறித்தவர், முஸ்லிம்கள் ஆகியோரின் வேதங்களையும் பற்றியது. இலக்கணம், வரலாறு, கவிதை, கலாம், ஃபிக்ஹு ஆகியவற்றுக்குப் பின் கிரேக்கத் தத்துவமும் விஞ்ஞானமும் வருகின்றன. எட்டாம் இயலில் கதைகள். ஒன்பதாம் இயலில் மானிகள் முதலியோரோடு இந்தியர், சீனர் ஆகியோரின் சமயங்கள். இந்தியச் சமயங்கள் பற்றி, அப்பாசிய அமைச்சர் யஹ்யா இப்னு காலித் அல்பர்மகி மூலிகைகளோடு செய்தியும் திரட்டிவர அனுப்பிய ஒருவரின் அறிக்கையைப் பயன்படுத்துகிறார். ஆயிரம் இரவுக் கதைகளின் பாரசீக மூலமான 'ஹஸார் அஃப்ஸான்' அவருக்குப் பிடிக்கவில்லை. சுவையற்ற நூல் என்று கருதினார். ஆயினும் அதனைப் பட்டியலிலிருந்து நீக்கவில்லை. தமது கருத்தைப் பதிந்தார், நூலையும் பதிந்தார். சேகரிப்பாளரின் அறம் அதுவே.

இத்தகைய முன்னோரின் வழிவந்த நமது அரபுக் கல்லூரி நூலகங்கள் எவ்வாறு உள்ளன? கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபு நூல்கள் நிறைந்துள்ளன. உள்நாட்டு ஊர்களில் ஹனஃபி நூல்கள். பாடத்திட்டத்துக்கு அது பொருத்தமே. ஆனால் மாணவன் அடுத்த மத்ஹபின் ஆதாரத்தை அதன் சொந்த நூலிலிருந்தே படிக்க வழியுண்டா? மத்ஹபுகளை ஒப்புநோக்கும் இப்னு ருஷ்தின் (ரஹ்) 'பிதாயதுல் முஜ்தஹித்' ஒரு படியாவது கைக்கு எட்டும் இடத்தில் உள்ளதா? நம்மோடு கருத்து வேறுபடும் இயக்கத்தாரின் நூல்களை அவர்கள் எழுதியபடியே வைத்திருக்கிறோமா, அல்லது அவற்றுக்கான மறுப்பு நூல்களை மட்டும் வைத்திருக்கிறோமா? மறுப்பை மட்டும் படித்தவன் எதிர்த்தரப்பை அறிந்தவனாக மாட்டான்.

தமிழ் அடுக்கின் நிலை இன்னும் கவலைக்குரியது. ஏழாண்டு ஓதி ஸனது பெறும் மாணவர் பலர் சீறாப்புராணத்தைக் கண்ணால் கண்டதில்லை. ம.மு. உவைஸ், பீ.மு. அஜ்மல்கான் ஆகியோர் உழைத்து எழுதிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றின் தொகுதிகள் நமது கல்லூரிகளில் எத்தனையில் உள்ளன? கன்னிமாராவில் இல்லையே என்று கேட்பதற்கு முன் இதற்கு விடை காண வேண்டும். திருக்குறளும் திருவாய்மொழியும் அயோத்திதாசரும் அம்பேத்கரும் அங்கு உண்டா என்று கேட்டால் சிலர் வியப்படையலாம். அல்பீரூனி சமஸ்கிருத நூல்களைக் கற்று, ஏறத்தாழ கி.பி. 1030இல் இந்தியாவைப் பற்றி எழுதியபோது தம் மார்க்கத்திலிருந்து அணுவளவும் விலகவில்லை. திருப்பெரும்புதூர்ப் பகுதியில் இமாமாகப் பணியாற்றப் போகும் இளைஞர், இராமானுசர் யார் என்பதை அறியாமல் அவ்வூர் மக்களோடு எவ்வாறு உரையாடுவார்? மனிதர் பல்வேறு கூட்டத்தாராக அமைந்ததன் நோக்கம் 'தஆருஃப்', ஒருவரையொருவர் அறிந்துகொள்ளுதல் என்பதைத் திருமறையின் ஹுஜுராத் அத்தியாயத்திலிருந்து மேடைதோறும் எடுத்துரைக்கிறோம். அவ்வறிதலுக்கு நூலகத்தைவிட அமைதியான இடம் வேறு எது?

பெண்களின் இடம் பற்றியும் கூற வேண்டும். இப்னு ஸஅது (ரஹ்) தமது 'தபகாத்' நூலின் இறுதிப் பகுதியைப் பெண்களுக்கு ஒதுக்கினார். இமாம் ஸகாவீ (ரஹ்) தம் நூற்றாண்டின் ஆன்றோரைத் தொகுத்த 'அழ்ழவ்உல் லாமிஉ' என்னும் பெருநூலின் பன்னிரண்டாம் பகுதி முழுவதும் பெண்களைப் பற்றியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் குறிப்புகள் அதில் உள்ளன. அந்நூல்கள் நமது அலமாரிகளில் உள்ளன. ஆனால் அவ்வலமாரி இருக்கும் அறைக்குள் ஊர்ப் பெண்கள் நுழைய முடிகிறதா? கீழக்கரை ஆசியா உம்மாவின் மெய்ஞ்ஞானப் பாடல்களை அவ்வூர்ப் பெண்களேனும் படிக்க இயலுகிறதா? பெண்களைப் பற்றிய நூல் இருந்து பெண் வாசகர் இல்லாத நூலகமும் குறைபட்ட நூலகமே.

செய்யத்தக்கவை

இவற்றையெல்லாம் மதிப்பிடப் பெருஞ்செலவோ கருவிகளோ தேவையில்லை. ஓர் ஊரில் நான்கு பேர் ஒரு விடுமுறை நாளில் செய்துவிடலாம். பதிவேட்டிலிருந்து ஒவ்வொரு இருபதாவது நூலையும் எடுத்துக்கொண்டு ஆறு வினாக்களைக் கேட்டால் போதும்: எழுதியவர் யார்? யாரைப் பற்றியது? எம்மொழியில், எவ்வாண்டில் வெளியானது? எந்த அடுக்கில், கண் மட்டத்திலா காலடியிலா நிற்கிறது? விலைக்கு வாங்கியதா, நன்கொடையா? கடைசியாக யார் எடுத்துச் சென்றார்? ஐயாயிரம் நூல்களில் இருநூற்றைம்பது நூல்களின் விடைகளே நிலைமையைத் தெளிவாக்கிவிடும். பின்னர் ஊரில் யார் யார் வாழ்கின்றனர் என்னும் பட்டியலை அதன் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு பட்டியலும் எங்கே பிரிகின்றனவோ அங்கேதான் அடுத்த ஆண்டின் கொள்முதல் தொடங்க வேண்டும்.

நமது பதிப்பாளர்கள் அரசு நூலகக் கொள்முதலுக்கு நூல்களை உரிய காலத்தில் அனுப்ப வேண்டும். சட்டப்படி அனுப்ப வேண்டிய படிகளையும் அனுப்ப வேண்டும். நமது செல்வர்கள் பள்ளிவாசலுக்கு விரிப்பு வாங்கித் தருவது போலவே பொது நூலகத்துக்கும் நல்ல நூல்களை வாங்கித் தரலாம். துஆத் தொகுப்பின் ஐம்பது படிகளுக்குப் பதில் மீரானின் ஒரு புதினம், உவைஸின் ஒரு தொகுதி, ஒரு ஒடியா அகராதி என்று அக்கொடை அமையட்டும். 1850இல் சென்னையில் முகமதிய பொது நூலகத்தை உருவாக்க முன்னின்றவர் எட்வர்டு பால்ஃபூர் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர். நம்மவர் அல்லாத ஒருவர் நமக்காக நூலகம் எழுப்பினார் எனில், நாம் பிறருக்காக ஓர் அடுக்காவது அமைப்பது மிகையாகாது.

தொழிற்பகுதிப் பள்ளிவாசல்களில் வெள்ளிக்கிழமைதோறும் பல மாநிலத்தார் ஒரே ஸஃப்பில் நிற்கின்றனர். தொழுகை முடிந்ததும் அவரவர் மொழிக்குள் அவரவர் திரும்பிவிடுகின்றனர். அப்பள்ளிவாசலின் ஓரத்தில் ஓர் அலமாரி வைத்து, இந்தியும் உருதுவும் வங்காளமும் அறிந்தவருக்குத் தமிழ் கற்பிக்கும் நூலையும், தமிழருக்கு அவர்தம் நாட்டைப் பற்றிய நூலையும், சமயம் பாராது ஊரார் எவரும் எடுத்துப் படிக்கத்தக்க நூல்களையும் வைத்தால் அது பென்னலூருக்கும் ஒரகடத்துக்கும் ஏற்ற நூலகத்தின் தொடக்கமாகும். அங்கு எத்தனை நூல்கள் உள்ளன என்று எவரேனும் கேட்டால் எண்ணைச் சொல்லலாம். எத்தனை விதமான மனிதர் அதனைத் திறந்தனர் என்று கேட்கும் நாள் வரும்போதே நாம் நூலகத்தை மதிப்பிடக் கற்றுக்கொண்டவர்களாவோம்.